பேஸ்டி சுரங்கத்தில் பிறக்கவில்லை

கார்ன்வால் போய்வந்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பூமிக்கு அடியில் ஒரு தொழிலாளி வெள்ளீயம் வெட்டிக்கொண்டிருக்கிறார். கையெல்லாம் ஆர்சனிக் தூசி. கழுவத் தண்ணீர் இல்லை. அதனால் அவர் மனைவி இறைச்சியையும் கிழங்கையும் மாவில் பொதிந்து, ஓரத்தைத் தடிமனாக முறுக்கிச் சுட்டுக் கொடுத்தனுப்புகிறார். அவர் அந்த முறுக்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தின்றுவிட்டு, விஷம் ஒட்டிய ஓரத்தை இருட்டுக்குள் வீசிவிடுகிறார். கார்னிஷ் பேஸ்டி இப்படித்தான் பிறந்தது என்று முடிப்பார்கள்.

கடைச் சுவர்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இதைப் படித்திருக்கிறேன். பேஸ்டி மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. ஆனால் இந்தக் கதை மேல் நம்பிக்கை இல்லை. உண்மையில் நடந்தது இதைவிட நீளமானது, கனமானதும்கூட. பெரிய மனிதர்களின் விருந்தில் இருந்த ஒரு பண்டம் பசித்தவர்களின் கைக்கு வந்து, பிறகு அவர்களோடு கப்பலேறி உலகமெல்லாம் போன வரலாறு அது. அதில் ஒரு கிளை கோலார் தங்கவயல் வரை வருகிறது. அதனால்தான் இதைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேஸ்டியைப் பார்க்காதவர்கள் நம் தீபாவளிச் சோமாசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே அரைவட்டம், கையால் மடித்து மடித்து முறுக்கிய அதே ஓரம். அளவு மட்டும் பல மடங்கு பெரியது. ஒன்று தின்றால் ஒருவேளைச் சாப்பாடு முடிந்தது. எண்ணெயில் பொரிப்பதில்லை, ஓவனில் சுடுகிறார்கள். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப், உப்பு, மிளகு. வேறெதுவும் கிடையாது. டர்னிப் என்று கார்ன்வாலில் சொல்வது உள்ளே மஞ்சளாக இருக்கும் பெரிய கிழங்கை. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் அதற்கு வேறு பெயர்.

கார்ன்வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் அது. டேமர் ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவன். கார்ன்வால் மக்களுக்குத் தனி மொழி இருந்தது, அதை இப்போது மீட்டெடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். 2014இல் பிரிட்டன் அரசு அவர்களைத் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. ஆகவே பேஸ்டியை ஆங்கிலேயப் பலகாரம் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொன்னால் நிச்சயம் திருத்துவார். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேஸ்டியின் முதல் தடயங்களைத் தேடிப் போனால் நாம் கார்ன்வாலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்ற மீன்பிடித் துறைமுகம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நூறு ஹெர்ரிங் மீன்களை 24 பேஸ்டிகளாகச் சுட்டு அனுப்ப வேண்டும் என்பது இடைக்காலத்தில் அந்த ஊரின் கடமை. அவை நாரிச் நகர அதிகாரிகள் கைக்குப் போய், அங்கிருந்து ஒரு நிலப்பிரபு கைக்குப் போய், கடைசியில் அரசரிடம் சேரும். பேஸ்டி அன்று கப்பப் பொருளாக இருந்திருக்கிறது.

லண்டனில் அதைச் சுட்டு விற்பதற்கென்றே தனித் தொழில்காரர்கள் இருந்தார்கள். 1379இல் நகர நிர்வாகம் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. கெட்டுப்போன முயலையும் வாத்தையும் கழிவுகளையும் உள்ளே வைத்துச் சுடக் கூடாது, மாட்டிறைச்சியை வைத்துவிட்டு மான்கறி என்று விற்கக் கூடாது என்பது அதன் சாரம். இப்படி ஓர் ஆணை பிறக்க வேண்டுமென்றால் அந்த மோசடி தெருவெங்கும் நடந்திருக்க வேண்டும். மாவு மூடியிருக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் வரும் சமையற்காரர் மேல் விடுதிக்காரர் சுமத்தும் குற்றச்சாட்டும் பேஸ்டியைப் பற்றியதுதான். விற்காமல் போனவற்றிலிருந்து சாற்றை வடித்துவிட்டு வைத்திருந்து மறுபடி விற்கிறாய் என்கிறார். 1660இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய சாமுவேல் பீப்ஸ், அந்த வருடம் ஜனவரியிலேயே ஒரு விருந்தில் மான்கறி பேஸ்டி என்று பரிமாறப்பட்டது வெறும் மாட்டுக்கறி என்று கண்டுபிடித்து முகம் சுளிக்கிறார். லண்டன் ஆணைக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது, ஏமாற்று மாறவில்லை.

மான்கறிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? காடுகள் அரசருக்கும் பிரபுக்களுக்கும் சொந்தம். மான் வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு மட்டும். கடையில் போய் மான்கறி வாங்கிவிட முடியாது. யாராவது பெரிய மனிதர் அன்பளிப்பாக அனுப்பினால்தான் உண்டு. ஆகவே மான்கறி பேஸ்டி மேசைக்கு வருகிறது என்றால், இந்த வீட்டுக்கு மேலிடத்தில் செல்வாக்கு இருக்கிறது என்று அர்த்தம். 15ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் நெவில் யார்க் நகரின் பேராயராகப் பதவியேற்றபோது நடந்த விருந்தின் பட்டியலில் மான்கறி பேஸ்டிகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன.

அந்தக் காலத்து மேல்மாவு இன்றைக்கு நாம் தின்பது மாதிரி வாயில் கரைகிற மாவு கிடையாது. தடிமனாக, கெட்டியாக, இறைச்சி பல நாள் கெடாமல் இருக்கட்டும் என்று செய்யப்பட்ட உறை. பாத்திரமும் அதுதான், மூடியும் அதுதான். பெரும்பாலும் உள்ளே இருப்பதை எடுத்து உண்டார்கள். உறை வேலைக்காரர்களுக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் போனது. ஆர்சனிக் கதையை இந்த இடத்தில் மறுபடி நினைத்துப் பாருங்கள். மாவை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும் வழக்கம் உண்மையாகவே எங்காவது இருந்திருந்தால், அது வசதி படைத்தவர்களின் மேசையில்தான் இருந்திருக்கிறது. ஏழையின் கையில் மாவை வீசும் வசதி எப்போதும் இருந்ததில்லை.

2006இல் டேமர் ஆற்றின் இரு கரைக்கும் இடையே ஒரு பெரிய வாக்குவாதம் மூண்டது. டாட் கிரே என்ற வரலாற்றாய்வாளர், டெவன் பக்கத்து பிளிமத் நகரின் பழைய கணக்குப் புத்தகத்தில் பேஸ்டி பற்றிய குறிப்பைக் கண்டெடுத்தார். ஆண்டு 1509-10. பேஸ்டி செய்த சமையற்காரருக்குக் கூலியாகப் பத்து பென்னி கொடுத்த செலவுக் கணக்கு அது. கார்ன்வாலில் அப்போது காட்டக்கூடிய மிகப் பழைய செய்முறைக் குறிப்பு ட்ரூரோ ஆவணக் காப்பகத்தில் இருந்த 1746ஆம் ஆண்டுக் குறிப்புதான். அப்படியானால் பேஸ்டி டெவனுடையது என்று அந்தப் பக்கத்தவர்கள் சொல்ல, கார்ன்வாலில் கொதித்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

எனக்கு இந்தச் சண்டையில் பெரிய ஈடுபாடு இல்லை. மாவில் இறைச்சியைப் பொதிந்து சுடுவதை எந்த ஊரும் தன் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்குப் புத்தகம் வேறொரு விஷயத்தில் முக்கியமானது. கூலி வாங்கும் சமையற்காரர் ஒருவர் நகரப் பெரியவர்களுக்காகச் செய்த பேஸ்டி அது. காலை நாலு மணிக்கு எழுந்து, புருஷனுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு பெண் சுட்ட பேஸ்டி அல்ல. கார்ன்வால் உரிமை கொண்டாடுவது இந்த இரண்டாவது பேஸ்டியை. அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த இரண்டாவது பேஸ்டியும் எளிதில் வந்துவிடவில்லை. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியின் பழைய உணவைப் பற்றிப் படித்தால் அடிக்கடி எதிர்ப்படுவது ஹாகன் என்ற ஒன்று. பார்லி மாவைப் புளிக்க வைக்காமல் பிசைந்து உருட்டி, கல்லாகும் வரை சுட்ட உருண்டை. கையில் காசு இருந்தால் நடுவில் ஒரு சின்னத் துண்டு பன்றிக்கறி இருக்கும். இல்லையென்றால் வெறும் மாவு. உப்பிட்ட மத்தி இன மீனும் உருளைக்கிழங்கும் வீட்டில் சாப்பாடு, ஹாகன் சுரங்கத்தில் சாப்பாடு. 1842இல் சார்ல்ஸ் பார்ஹம் என்ற மருத்துவர் கார்ன்வால், டெவன் சுரங்கங்களில் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். அந்தக் குழந்தைகள் மதியத்துக்கு என்ன கொண்டுவருகிறார்கள் என்பதும் அதில் வருகிறது. பேஸ்டி கொண்டுவரும் குழந்தையும் உண்டு, ஹாகன் கொண்டுவரும் குழந்தையும் உண்டு. வீட்டு நிலைமை அந்த மதியச் சாப்பாட்டில் தெரிந்துவிடும்.

பெண்களையும் இங்கே சொல்ல வேண்டும். கார்ன்வாலில் பெண்கள் பொதுவாகச் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. ஆனால் மேலே வந்து விழும் தாதுக் கற்களைச் சுத்தியலால் உடைத்துத் தரம் பிரித்தவர்கள் அவர்கள்தான். பத்து வயதுச் சிறுமியிலிருந்து கல்யாணமாகாத இளம்பெண்கள் வரை, காற்றிலும் மழையிலும், ஆயிரக்கணக்கில் இந்த வேலை செய்தார்கள். பேஸ்டிக் கதைகளில் பெண் என்றால் அடுப்படியில் நிற்கும் மனைவி மட்டும்தான் வருகிறார். கல் உடைத்துவிட்டு, தன் சாப்பாட்டைத் தானே துணியில் சுற்றிக்கொண்டு வந்த பெண் வருவதில்லை. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு விடுபடல்.

1845க்குப் பிறகு உருளைக்கிழங்கு நோய் அயர்லாந்தை அழித்தது நமக்குத் தெரியும். கார்ன்வாலையும் அது விடவில்லை. 1847இல் தானிய விலை ஏறியபோது, ஊரிலிருந்து தானியம் வெளியே போகக் கூடாது என்று சுரங்கத் தொழிலாளிகள் துறைமுகங்களுக்கும் சந்தைகளுக்கும் கூட்டமாக நடந்தார்கள். கலவரங்கள் மூண்டன. கோதுமை மாவு, மாட்டிறைச்சி, கிழங்கு எல்லாம் சேர்ந்த பேஸ்டி தொழிலாளி வீட்டில் வழக்கமான உணவாக நிலைத்தது இந்தப் பஞ்ச காலமெல்லாம் கடந்த பிறகுதான். அதற்குப் பிறகும் எல்லா நாளும் இறைச்சி கிடைத்துவிடவில்லை. கிழங்கும் வெங்காயமும் மட்டும் வைத்த பேஸ்டிகள் எத்தனையோ.

சுரங்கத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்தியது என்பது பெண்டீன் ஊரில் உள்ள ஜீவர் சுரங்கத்துக்குள் போனபோது எனக்கு நன்றாகப் புரிந்தது. 1990இல் மூடிய சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். பார்வையாளர்களைக் கூட்டிப் போகும் பழைய குகைப்பாதையில் பல இடங்களில் குனியாமல் நடக்க முடியாது. சுவரில் கை வைத்தால் ஈரச் செம்மண் ஒட்டுகிறது. இதுவோ மேல்மட்டத்துப் பாதை. கேம்போர்ன் அருகே டால்கோத் சுரங்கம் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தது. அந்த ஆழத்திலிருந்து ஏணியில் ஏறி வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். மதியச் சாப்பாட்டுக்கு யார் ஏறி வருவார்கள்? கீழேயே சாப்பிட வேண்டும். தட்டு வைக்க இடமில்லை, கரண்டி கிடையாது, தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவர்த்திதான் வெளிச்சம். கையில் பிடித்துத் தின்னக்கூடியதாக, கீழே இறங்கும்போது உடையாததாக, சில மணி நேரமாவது சூடு தாங்குவதாக, ஒன்றிலேயே வயிறு நிறைவதாக இருக்க வேண்டும். இந்த நாலும் பேஸ்டியில் இருந்தன.

ஏற்றி இறக்கும் இயந்திரங்கள் பிறகு வந்தன. கார்ன்வாலில் முதலாவது 1842இல் ட்ரெஸவீன் சுரங்கத்தில். மேலும் கீழும் அசையும் நீண்ட கம்பத்தில் படிகள் இருக்கும், ஆள் ஒரு படியிலிருந்து மறு படிக்கு மாறி மாறி ஏற வேண்டும். ஜீவருக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் நீண்டிருந்த லெவன்ட் சுரங்கத்தில் 1919 அக்டோபர் 20 அன்று அந்தக் கம்பம் அறுந்து 31 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து மேலே வந்துகொண்டிருந்தவர்கள்.

பேஸ்டியின் ஒரு மூலையில் உரியவர் பெயரின் முதலெழுத்துகளை மாவால் பொறிப்பது வழக்கம். எழுத்து இல்லாத முனையிலிருந்து தின்னத் தொடங்கினால், பாதியில் நிறுத்தி வைத்தாலும் மீதி யாருடையது என்று குழப்பம் வராது. கடைசித் துண்டைச் சுரங்கத்துக்குள் வாழும் குட்டி ஆவிகளுக்கு விட்டுவைப்பார்கள் என்றும் சொல்வதுண்டு. பாறைக்குள் தட்டும் சத்தம் கேட்டால் அவை எச்சரிக்கின்றன என்று நம்பினார்கள். பாறை சரியும் முன் உள்ளே வெடிப்பு ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தவர்தான் உயிரோடு வீடு திரும்புவார்.

இப்போது ஆர்சனிக்குக்கு வருகிறேன். கார்ன்வால் பாறையில் ஆர்சனிக் உண்டு என்பது முழு உண்மை. வெள்ளீயத் தாதுவோடு கலந்தே வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்ன்வாலும் டெவனும் ஆர்சனிக்கையே ஒரு சரக்காக எடுத்து உலகுக்கு விற்றன. ஆனால் அதன் கொடிய வடிவமான வெள்ளைத் தூள் உண்டானது தரைக்கு மேலே, தாதுவை வறுக்கும் உலைகளில். அந்த உலைகளின் புகைப் பாதைகளில் படிந்த தூளைச் சுரண்டியவர்கள் மூக்கில் பஞ்சு அடைத்து, முகத்தில் களிமண் பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். அபாயம் அதிகம் இருந்தது அவர்களுக்கு. கீழே பாறை வெட்டியவருக்கு உண்மையான எமன் கல்தூசி. துளையிடும் இயந்திரங்கள் வந்தபின் நுரையீரலில் படிந்து ஆட்களைக் கொன்றது அதுதான். 1904இல் ஜே. எஸ். ஹால்டேன் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளின் உடல்நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. அவற்றில் தொழிலாளிகள் பேஸ்டியைத் துணிப்பையிலோ காகிதத்திலோ சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தின்கிறார்கள். 1929இல் கார்ன்வால் பெண்கள் சங்கங்களுக்காக ஈடித் மார்ட்டின் தொகுத்த சமையல் புத்தகமும் அதுதான் சரியான முறை என்கிறது. துணி இருக்கும்போது கை அழுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஓரத்து முறுக்கல் உள்ளே இருக்கும் ஆவியும் சாறும் வெளியேறாமல் காப்பதற்காக. அது தடிமனாக இருந்தால் அந்த மாவும் வயிற்றுக்குத்தான். பார்லி உருண்டையைக் கடித்துக் கொண்டிருந்த மக்கள், கோதுமை மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்துச் சுட்ட மொறுமொறுப்பான ஓரத்தைத் தூக்கி எறிந்தார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை.

கார்னிஷ் பேஸ்டி என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு 2011இல் கிடைத்தது. 2002இல் அமைந்த தயாரிப்பாளர் சங்கம் பல வருடம் போராடிப் பெற்றது. விதிகள் கறாரானவை. கார்ன்வாலில்தான் தயாரிக்க வேண்டும். அரைவட்ட வடிவம், பக்கவாட்டில் முறுக்கல். இறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய் குறைந்தது 25 சதவீதம். எல்லாம் பச்சையாகவே உள்ளே போக வேண்டும். கேரட் கூடாது. கேரட் என்று சொன்னாலே அந்த ஊரில் முகம் மாறிவிடும்.

இந்த விதிகளில் பெரும்பாலானவற்றை நான் ஆதரிக்கிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தம். கார்ன்வாலில் தலைமுறை தலைமுறையாக முறுக்கலை மேலே, நடுமுதுகில் வைத்துச் செய்த குடும்பங்கள் உண்டு. பாட்டி செய்த பேஸ்டிக்குக் கார்னிஷ் என்று பெயர் வைத்து விற்க முடியாமல் போனது அவர்களுக்கு வலி. தொழிற்சாலைப் போலிகளைத் தடுக்க ஒரு வடிவத்தை வரையறுக்க வேண்டியிருந்தது என்பது புரிகிறது. ஆனாலும் வீட்டுச் சமையல் என்றைக்கும் ஒரே வார்ப்பாக இருந்ததில்லை. இடக்கைக்காரர் முறுக்கியது சேவல் பேஸ்டி, வலக்கைக்காரர் முறுக்கியது கோழி பேஸ்டி என்று ஓரம் மடங்கும் திசைக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிற மக்கள் அவர்கள்.

பச்சையாகவே வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: அதில்தான் சுவையின் ரகசியம் முழுதும் இருக்கிறது. மாட்டின் வயிற்றுப்பக்கத்து இறைச்சி, நீளமான நாரும் கொழுப்பும் உள்ளது, அதைச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டாமல், கையில் பிடித்துக்கொண்டு கத்தியால் மெல்லிய சில்லுகளாகச் சீவிப் போடுவார்கள். சில்லின் மெல்லிய ஓரம் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும், தடித்த பகுதி கிழங்காகவே நிற்கும். ஓவனில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இறைச்சிச் சாறும் வெங்காயத் தண்ணீரும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிழங்கை வேக வைக்கும். மிளகைத் தாராளமாகப் போடுங்கள். நான் வீட்டில் செய்யும்போது இதற்கு மேல் ஒரு மசாலாவும் சேர்ப்பதில்லை. முதல்முறை தின்பவர்கள் காரம் எங்கே என்று கேட்பார்கள், இரண்டாவது கேட்கும்போது கேட்க மாட்டார்கள்.

இனி பேஸ்டி கப்பலேறிய கதை. 1866இல் லண்டனில் ஒரு பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அதற்கு முன்பே தென் அமெரிக்கச் செம்பு வந்து விலையை இறக்கியிருந்தது. கார்ன்வாலின் செம்புச் சுரங்கங்கள் வரிசையாக மூடின. 1861க்கும் 1901க்கும் இடையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் ஊரை விட்டு வெளிநாடு போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு சின்ன மாவட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை! ஆண்கள் போனார்கள், பெண்கள் வீட்டில் கடிதத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்தார்கள். பேஸ்டி கார்ன்வாலின் அடையாளமாக இறுகியதில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஊரில் இருந்தவரை அது சாப்பாடு. மிச்சிகனிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்து தின்றபோது அது ஊர்.

மிச்சிகனின் வடக்கு முனையில் செம்புச் சுரங்கங்களுக்கு 1840களில் கார்ன்வால்காரர்கள் போனார்கள். பின்னால் வந்த ஃபின்லாந்துத் தொழிலாளிகள் பேஸ்டியைக் கற்றுக்கொண்டு தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1968 மே 24ஐ அந்த மாநில ஆளுநர் பேஸ்டி நாளாக அறிவித்தார். தென் ஆஸ்திரேலியாவில் மூன்டா, கடினா, வல்லரூ ஊர்களில் 1973இல் தொடங்கிய கார்னிஷ் திருவிழாவில் இன்றும் பேஸ்டிக்கு முதல் மரியாதை.

மெக்சிகோவின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். ஜான் டெய்லர் என்ற சுரங்கப் பொறியாளர் முன்னின்று 1824இல் தொடங்கிய நிறுவனம், ஹிடால்கோ மலைகளில் உள்ள ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. கார்ன்வால் ஆட்கள் நீராவி இயந்திரங்களோடு கடற்கரையில் இறங்கினார்கள். மஞ்சள் காய்ச்சலில் பலர் அங்கேயே இறந்தார்கள். பிழைத்தவர்கள் இரும்பு பாகங்களை மலைமேல் இழுத்துச் சென்றார்கள். அந்த நிறுவனம் நொடித்துப்போனது. ஆட்களில் பலர் தங்கிவிட்டார்கள். இன்று பச்சுகாவிலும் ரியல் டெல் மோன்டேயிலும் தெருவுக்குத் தெரு பாஸ்தே கடைகள், பேஸ்டிக்கு அங்கே அதுதான் பெயர். உள்ளே மிளகாய் சேர்த்த இறைச்சியும் கிழங்கும் உண்டு, மோலே என்ற குழம்பு உண்டு, பீன்ஸ் உண்டு, அன்னாசியும் பால்சோறும் வைத்த இனிப்பும் உண்டு. அதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. 2014இல் இளவரசர் சார்ல்ஸ் அங்கே போய் ஓரம் முறுக்கிப் பார்த்தார். கேரட்டுக்கே கோபப்படும் கார்ன்வால், அன்னாசி வைத்த இந்த உறவினரை மனதார ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரியல் டெல் மோன்டேயும் கார்ன்வாலின் ரெட்ருத்தும் இன்று சகோதர நகரங்கள்.

அந்த ஜான் டெய்லர் 1863இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880இல் மைசூர் சமஸ்தானத்தின் கோலாருக்கு வந்தது. மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பிய அதே கார்ன்வால் ஊர்களிலிருந்து கோலாருக்கும் ஆள் வந்தார்கள். சுரங்க மேற்பார்வையாளரைக் கேப்டன் என்று அழைப்பது கார்ன்வால் வழக்கம், அது கோலாரிலும் தொடர்ந்தது. தங்கப் படிவத்தைத் தொட்டுக் காட்டியதாகக் கோலார் வரலாறு சொல்லும் கேப்டன் பிளம்மர் அந்த மரபில் வந்த பெயர். கீழே இறங்கிப் பாறை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன மக்கள். தலித் மக்களே அதிகம். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட மண் அது. கோலாரின் சாம்பியன் ரீஃப் 3,000 மீட்டருக்கும் கீழே போன சுரங்கம்.

பேஸ்டி மெக்சிகோ மக்களின் உணவாகிவிட்டது, தமிழர் சமையலுக்குள் வரவேயில்லை. மாட்டிறைச்சி காரணம் என்று சிலர் சட்டென்று சொல்லக்கூடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. கோலாரில் உழைத்த மக்களில் மாட்டிறைச்சி உண்பவர்கள் நிறையப் பேர். ஓவன் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் தூரம். மிச்சிகனில் கார்ன்வால்காரரும் ஃபின்லாந்துக்காரரும் ஒரே பாறையடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரியல் டெல் மோன்டேயில் நிறுவனம் போன பிறகும் தங்கியவர்கள் அந்த ஊர்க் குடும்பங்களோடு கலந்தார்கள். கோலாரில் வெள்ளையருக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப், தனிக் குடியிருப்பு. தமிழ்த் தொழிலாளிக்கு வரிசை வரிசையாகத் தட்டிக் குடிசைகள், அங்கே லைன் என்றே பெயர். இனமும் சாதியும் போட்ட அந்த வேலிக்கு நடுவே, ஒருவர் சாப்பாட்டை மற்றவர் கேட்டு வாங்கித் தின்பது எப்படி நடக்கும்? கார்ன்வாலில் பணக்காரர் மேசையிலிருந்து ஏழையின் கைக்கு வரப் பேஸ்டிக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. கோலாரில் அது பங்களாவைத் தாண்டவில்லை.

கல்தூசி மட்டும் இரு ஊருக்கும் பொதுவாக இருந்தது. டால்கோத்தில் வெட்டியவரையும் சாம்பியன் ரீஃபில் வெட்டியவரையும் ஒரே நுரையீரல் நோய்தான் தின்றது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் க்ரோஃப்டி 1998 மார்ச்சில் மூடியது. கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடின. கார்ன்வாலின் சுரங்க நிலங்கள் 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கோலார் தங்கவயலின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.